ஊருக்குத் திட்டம் போட்டவங்க ஊரைக் கேட்டாங்களா? தருமபுரி முதல் இந்தூர் வரை ஒரு நீள் இழை

1/
தருமபுரி வளருது. நாலு வழிச்சாலை ஓரமா மனைப்பிரிவுகள், சிப்காட், புதுப்புது நகர்கள். இந்த வளர்ச்சி எந்தப் பக்கம் போகணும், தண்ணி எங்கிருந்து வரணும், சாக்கடை எங்கே போகணும்னு யார் முடிவு பண்றாங்க? அங்க குடியிருக்கிறவங்களுக்கு அதுல எவ்வளவு பங்கு? இதோட வரலாறு நம்ம ஊர்லயே ஆரம்பிக்குது. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

2/
1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகால் கும்பெனி கைக்குப் போச்சு. நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் வேலை பார்த்தது இந்தப் பகுதியில்தான். தருமபுரியில் அவர் இருந்த வீட்டையும் தோட்டத்தையும் ரொம்ப நேசிச்சவர்.

3/
ரீட்டும் மன்றோவும் ஊர் ஊரா, வயல் வயலா அளந்தாங்க. மண் எப்படி, பயிர் என்ன, கிணறு இருக்கா, ஏரிப் பாசனமான்னு விசாரிச்சாங்க. நடுவுல ஜமீன்தார் இல்லாம விவசாயிகிட்டயே நேரடியா பேசித் தீர்வை வைக்கிற ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணுல. மன்றோ பின்னாடி சென்னை மாகாண கவர்னராகவே ஆனார்.

4/
ஆக, நம்ம ஊர் ஜனங்களை அரசாங்கம் வீடு தேடி வந்து கேள்வி கேட்டது 230 வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு. ஆனா கேட்டது "உனக்கு என்ன வேணும்?"னு இல்ல. "எவ்வளவு கட்டுவே?"ன்னு. விவரம் சேகரிக்கிறது வேற, கருத்து கேட்கிறது வேற. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

5/
அடுத்த காட்சி பிளேக். 1896-ல் பம்பாயில் ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவுச்சு. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது (கொரோனா காலத்துல பயன்படுத்தினோமே, அதே சட்டம்தான்). புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டாங்க, சாமானை எரிச்சாங்க, ஆட்களைப் பிரிச்சுக் கொண்டுபோனாங்க.

6/
ஜனங்க என்ன செஞ்சாங்க? நோயாளிகளை ஒளிச்சு வெச்சாங்க. கோபம் முத்தி, 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோக்கம் நல்லதா இருந்தாலும், கேட்காம செய்யுற பொதுச் சுகாதாரத்தை ஜனங்க நோயை விட அதிகமா பயந்தாங்க. ஒரு டாக்டரா இந்தப் பாடம் எனக்கு ரொம்ப முக்கியம்.

7/
இப்போ கதாநாயகன் வர்றார். பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். படிச்சது உயிரியல். பின்னாளில் நகரத் திட்டமிடலில் உலகப் புகழ் பெற்றார். 1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அழைப்பில் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிக்கான வரைபடங்கள், படங்கள் எல்லாம் தனியா 'கிளான் கிராண்ட்'ங்கிற கப்பலில் வந்துச்சு.

8/
அந்தக் கப்பலை மூழ்கடிச்சது எது தெரியுமா? எம்டன்! ஆமா, 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல். மனுஷன் அசரலை. நண்பர்கள் வேற படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்துச்சு.

9/
பிறகு மாகாணத்து ஊர்களைச் சுத்தினார். அவருடைய முறை எங்க ஆளுங்களுக்கு உடனே புரியும்: சிகிச்சைக்கு முன்னாடி நோயறிதல். முதல்ல ஊரை நடந்து பாரு. எந்தச் சந்துல என்ன தொழில், எங்க கிணறு, எந்த மரத்தடியில ஜனங்க உட்கார்றாங்கன்னு பாரு. அப்புறம் பேனாவை எடு.

10/
தஞ்சாவூர் கோட்டைக்குள் சுகாதாரத்துக்காக நேர்நேரா அகல ரோடு போட ஒரு திட்டம் இருந்துச்சு. வீடுகள் நிறைய இடிபடும். கெடிஸ் தெருத்தெருவா நடந்தார். பாழடைஞ்ச சில கட்டடங்களை மட்டும் எடுத்துட்டு, காலி மனைகளைச் சேர்த்தாலே காத்தும் வெளிச்சமும் வந்துடும்னு வரைஞ்சு காட்டினார். செலவும் ரொம்பக் குறைவு.

11/
இதுக்கு அவர் ஓர் அறுவை சிகிச்சைப் பெயரே வெச்சார். உறுப்பைக் காப்பாத்துற சிகிச்சைன்னு வெச்சுக்கலாம். விரல்ல சீழ் இருந்தா கையை வெட்டக் கூடாதில்லையா? குடிசையை இடிச்சு ஜனங்களைத் துரத்தினா, அவங்க பக்கத்துத் தெருவுல போய் இன்னும் நெருக்கமா குடியிருப்பாங்க, நோய் அங்க போகும்னு 100 வருஷத்துக்கு முன்னாடியே எச்சரிச்சார்.

12/
அடுத்து இந்தூர். 1917-18 வாக்கில் அங்கேயும் பிளேக். புனே மாதிரி சிப்பாயை அனுப்பல. சமஸ்தானத்தோட ஒத்துழைப்புல ஒரு தீபாவளி ஊர்வலம் ஏற்பாடு பண்ணார். ஊர்வலம் எந்த வழியா போகும்? வழக்கமான வழியில இல்ல. எந்தத் தெருக்காரங்க வீட்டையும் தெருவையும் நல்லாச் சுத்தம் பண்றாங்களோ, அந்தத் தெரு வழியா!

13/
ஊரே விளக்குமாறு எடுத்துச்சு. குப்பை வண்டி வண்டியா வெளியேறுச்சு. ஊர்வலத்துல பெரிய எலி பொம்மை. பிளேக்கைப் பரப்புறது எலி உண்ணின்னு அப்போ விஞ்ஞானத்துக்குத் தெரியும், சாதாரண ஜனங்களுக்குத்தான் தெரியாது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில், பூவோட, மரியாதையா நடந்து வந்தாங்கன்னு அவர் வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க.

14/
ஒரே நோய், ஒரே நாடு, 20 வருஷ இடைவெளி. புனேயில் துப்பாக்கிச் சூடு, இந்தூரில் ஊர்வலம். இந்த வித்தியாசத்தை மருந்து உண்டாக்கல, அப்போ பிளேக்குக்குச் சரியான மருந்தே கிடையாது. ஜனங்களைப் பிரச்சினையாப் பார்த்தாங்களா, வைத்தியத்துல கூட்டாளியாச் சேர்த்தாங்களாங்கிறதுதான் வித்தியாசம்.

15/
"அப்போ ஜனங்களைக் கேட்டாலே போதுமா டாக்டர்?" இல்லைங்க. அதுக்கு உதாரணம் நம்ம தருமபுரிதான். ஃபுளோரைடு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியும் மாறாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா, வளர்ற பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கறை. வருஷக்கணக்கா குடிச்சா எலும்பும் மூட்டும் இறுகும். சென்னை மாகாணத்துல இந்த நோய் மருத்துவ இதழில் பதிவானது 1937-ல்.

16/
இதை எந்தக் கூட்டத்துலயும் யாரும் எழுந்து சொல்ல முடியாது. சோதனைக்கூடம்தான் சொல்லணும். பாறைக்குள்ள ஆழமா போர் போடப் போட ஃபுளோரைடும் கூடலாம். இதுக்குத் தீர்வா வந்தது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவி, சுமார் 1,928 கோடி ரூபாய். 2008-ல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம்.

17/
சரி, காவிரி வந்தாச்சு. கதை முடிஞ்சுதா? எந்த மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறலை, எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, வராத நாள்ல எந்தப் போர்த் தண்ணியில சோறு வேகுதுங்கிறது எந்தச் சோதனைக்கூடத்துக்கும் தெரியாது. அந்த வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். குடிக்க மட்டும் நல்ல தண்ணி, சமைக்கப் போர்த் தண்ணின்னா ஃபுளோரைடு உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்.

18/
அதனால நிபுணரும் வேணும், குடியிருக்கிறவரும் வேணும். 2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இதை முயற்சி பண்ணுச்சு. பேரு 'கூடம்'. பொறியாளரும் கிராமத்து ஜனங்களும் வட்டமா, சமமா உட்கார்ந்து பேசுறது. பல ஊர்ல புதுத் திட்டம் வேண்டாம், இருக்கிறதைச் சரி பண்ணுங்கன்னே ஜனங்க சொன்னாங்க. தஞ்சாவூர்ல கெடிஸ் சொன்னதும் இதேதானே!

19/
சட்டம் என்ன சொல்லுது? 1971 தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், தயாரானா அறிவிப்பு வெளியிடணும். யார் வேணும்னாலும் எழுத்துல ஆட்சேபம், ஆலோசனை தரலாம். குறைஞ்சது 2 மாசம் அவகாசம் உண்டு. எத்தனை பேருக்கு இது தெரியும்?

20/
1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயம் ஆக்குச்சு. ஆனா 3 லட்சமோ அதுக்கு மேலயோ ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். 2011 கணக்குப்படி தருமபுரி நகராட்சி 70 ஆயிரத்தைக்கூடத் தொடலை. கிராமத்துக்குக் கிராம சபை இருக்கு, பெருநகரத்துக்கு வார்டு குழு இருக்கு. நடுவுல நம்மளை மாதிரி ஊர் அந்தரத்துல நின்னுச்சு.

21/
அந்த ஓட்டையைத் தமிழ்நாடு 2022-ல் அடைச்சுது. நகர உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, ஏரியா சபை விதிகள் வந்துச்சு. 2022 நவம்பர் 1-ல் ஏரியா சபைகள் கூடுச்சு. முதல்வரே பம்மலில் நடந்த சபையில் கலந்துக்கிட்டார். நம்ம மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. கிட்டத்தட்ட 57 வருஷம் கழிச்சு நகரவாசிக்கு ஒரு பெஞ்சு கிடைச்சிருக்கு. உட்காரணுமில்ல?

22/
சுருக்கமா செய்ய வேண்டியது:
• உங்க வார்டுல ஏரியா சபை எப்போன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க.
• முழுமைத் திட்ட அறிவிப்பு வந்தா அந்த 2 மாசத்தை விடாதீங்க. எழுதிக் கொடுங்க, ஒப்புகை வாங்குங்க.
• பொத்தாம்பொதுவா புகார் வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் கால்வாய், எத்தனை நாள் தண்ணின்னு எழுதுங்க.
• உங்க போர்த் தண்ணியை ஒரு தடவையாவது ஃபுளோரைடு பரிசோதனைக்குக் கொடுங்க. அந்த முடிவையும் மனுவோட சேருங்க.

23/
மன்றோ காலத்துல கேட்டாங்க, நாம பதில் மட்டும் சொன்னோம். இப்போ கேள்வி கேட்கிற இடமும் நமக்கு இருக்கு. உங்க வார்டுல ஏரியா சபை நடந்துச்சா? என்ன பேசினாங்க? கீழ எழுதுங்க, எல்லாத்தையும் வாசிக்கிறேன்.