சுவரில் தெரிந்த நம்மவர் முகம்

பெயின்டர் என்றால் நம் பக்கத்தில் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். கொஞ்சம் கைவந்தவராக இருந்தால் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். இன்று நான் சொல்ல வந்த மனிதருக்கோ அது குடும்பப் பெயர். டேவிட் பெயின்டர். பெயருக்கேற்ற தொழில் அமைந்தது தற்செயல்தான். இலங்கையின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசுவோர் ஜோர்ஜ் கீற்றையும், 1943இல் தோன்றிய '43 குழு'வையும் சொல்லி நின்றுவிடுவது வழக்கம். மலைநாட்டவராகிய நாமாவது பெயின்டரை மறவாதிருக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1900ஆம் ஆண்டு, இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர் அவர். தகப்பனார் ஆங்கிலேய மிஷனரி. தாயார் வீரசூரிய என்ற சிங்களக் குடும்பத்துப் பெண். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். ஆங்கிலம் ஒன்றே கல்வி என்றிருந்த காலத்தில், சிங்களத்தையும் தமிழையும் பாடமாக்கிய ஃபிரேசர் அங்கே அதிபராயிருந்தார். பின்னர் புலமைப் பரிசில் பெற்று லண்டன் ரோயல் அகடமிக்குப் போனார் பெயின்டர். அங்கே தங்கப் பதக்கமும், இத்தாலி சென்றுவரப் பயண உதவியும் கிடைத்தன.

அந்த இத்தாலிப் பயணத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்நாட்டுத் தேவாலயச் சுவர்களில் பழைய ஓவியர்கள் வேதாகமக் கதைகளைத் தீட்டியிருக்கிறார்கள். கதை நடப்பது பாலஸ்தீனத்தில். ஆனால் வீடு புளோரன்ஸ் வீடு, உடை புளோரன்ஸ் உடை, பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற பெண்கள் கிர்லாந்தாயோவின் காலத்துச் சீமாட்டிகள். நமக்கு இது புதிதா? கம்பன் பாடியது கோசல நாட்டை. ஆனால் அங்கே ஓடுவது சரயு என்ற பெயரில் காவிரிதானே! இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவுக்கு நம் மருதநிலத்தின் செழிப்பைக் கொடுத்தார். அவர் அங்கிருந்து இங்கே வந்து செய்ததை, பெயின்டர் இங்கிருந்து அங்கே போய்க் கற்று வந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. தூரதேசப் பயணம் சிலரைத் தூரதேசத்தவராகவே ஆக்கிவிடும். இவரை அது தன் ஊருக்குத் திருப்பி அனுப்பியது.

திரும்பி வந்தபோது திரித்துவக் கல்லூரியில் ஒரு சிற்றாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் பிரதிஷ்டை செய்தார்கள். ஐரோப்பிய ஊசிக்கோபுரம் அதில் கிடையாது. பழைய சிங்கள அரசர் காலத்து மண்டபம் போல, பக்கச் சுவரின்றி, செதுக்கிய 54 கற்றூண்கள் தாங்கி நிற்கிற கட்டடம். அதன் சுவர்களில் 1928 முதல் 1933 வரை பெயின்டர் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். தன் இரு புதல்வருக்கும் வலப்புறம் இடப்புறம் ஆசனம் கேட்கும் தாய், நல்ல சமாரியன், சீடரின் கால்களைக் கழுவுதல், சிலுவைப்பாடு. இயேசு நாதருக்குத் தாடியில்லை, பொன்னிறத் தலைமயிரில்லை. இந்நாட்டு இளைஞனின் மேனி, இந்நாட்டு முகம். வெள்ளைக்கார யேசுவையே பார்த்துப் பழகிய சிலருக்கு அது உறுத்தியது. உறுத்தாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஒருமுறை எமது உயர்தர வகுப்பு மாணவரைப் பதுளையிலிருந்து ரயிலேற்றி அங்கே அழைத்துச் சென்றேன். நானும் அவர்களில் பெரும்பாலோரும் சைவர்கள். வேதாகமக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். பசறைப் பக்கத்துத் தோட்டத்து மாணவி ஒருத்தி கால் கழுவும் ஓவியத்தின் முன் நின்றுவிட்டாள். "சேர், இவரு சாமியா? எங்க லயத்து ஆளு மாதிரி இருக்காரே" என்றாள். சாமிதான் என்றேன். "அப்ப ஏன் சேர் அவரு கால் கழுவுறாரு?" என்றாள். தோட்டத்தில் யார் யாருக்குப் பணிந்து நிற்பது என்பதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளையின் கேள்வி அது. கதையைச் சொன்னேன். அதற்கு மேல் அந்த ஓவியத்துக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 1924இல் ரயில் பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது. தேயிலை கொழும்புக்குப் போக வழி பிறந்தது. துரைமாருக்கு நல்ல காலம். அந்தக் காலத்திலேதான் பெயின்டர் குடும்பத்தார் நுவரெலியாவில் பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தை நடத்தத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்தவர்களில் பலர், வெள்ளைத் துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து தகப்பன் பெயர் சொல்ல முடியாது நின்ற பிள்ளைகள். லயத்தில் இடமில்லை, பங்களாவில் இடமில்லை. இந்தக் கதையை நம் தோட்டத்து முதியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பூனைக்கண் என்ற ஒரு சொல்லிலேயே பேச்சை முடித்துக்கொள்வார்கள். நமது சரித்திரப் புத்தகங்கள் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்வதில்லை. பதுளை சென்ட் மார்க் ஆலயம் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்தவர் அவர். அவருக்குக் கல்லிலே நினைவு உண்டு. அந்தத் தாய்மாருக்கு எங்கே உண்டு?

டேவிட் பெயின்டர் அவர்களை நேரடியாக வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெள்ளைத் தகப்பனும் இந்நாட்டுத் தாயுமாகப் பிறந்தவர் அவரும்தான். அவருக்குத் தகப்பன் பெயர் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இதை அறிந்த பிறகு அந்த நிறம் மாறிய இயேசுவை என்னால் வெறும் கலைப்புதுமை என்று பார்க்க முடியவில்லை. ஆண்டவனின் முகத்தில் தாயின் நாட்டு நிறத்தைப் பூசியவர் ஒரு தாயின் பிள்ளையாகவே அதைச் செய்தார் என்பது என் எண்ணம். கலை விமர்சகர்கள் மறுக்கலாம்.

கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் அதிபராகவும் அவர் பணியாற்றினார். 1968இல், கல்கிசை சென்ட் தோமஸ் கல்லூரி ஆலயத்தில் மறுரூபக் காட்சியை வரைந்தார். அதிலும் இயேசுவுக்குத் தாடியில்லை. முதுமையில் நுவரெலியா இல்லத்துப் பிள்ளைகளோடு இருந்தார். 1975 ஜூன் மாதத்தில் காலமானார். அதே ஆண்டு இறுதிக்குள் ஆங்கிலக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் பங்களாக்களை விட்டுக் கப்பலேறினார்கள்.