திருமணியில் பற்றிய கை

தென்னேரியில் தறிக்குழிக்குள் கால்விட்டு அமர்ந்திருக்கும் நெசவாளி, அறுந்த பட்டிழையை, பாவைவிட்டுக் கண்ணைத் திருப்பாமலே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடுமிடத்தில் உருட்டி முடிந்துவிடுகிற லாகவத்தைக் காணும்போதெல்லாம், இவ்வூரையும் முன்னாளில் தன்னுள் கொண்டிருந்த செங்கற்பட்டு ஜில்லாவில், செங்கற்பட்டை ஒட்டியுள்ள திருமணி கிராமமும், மடங்கிய விரல்கள் நிமிர்ந்த கதையும் என் நினைவுக்கு வரும்.

சென்னை கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் 1920களில் அங்கே பெருவியாதிக்காரருக்கென ஒரு சனாடோரியம் ஏற்பட்டது. அக்காலத்துச் சிகிச்சை நீரடிமுத்து எண்ணெய்தான். நம் வைத்தியர் நெடுங்காலமாக அறிந்திருந்த அதனை மேல்நாட்டார் ஊசியில் ஏற்றினார்கள். வேதனை மிகுதி, பலன் சொற்பம். 1943இல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரியிலிருந்து சல்ஃபோன் மருந்துகளைப்பற்றிய நற்செய்தி வெளிவந்தபின், விஷத்தன்மை மிக்கதென்று பலரும் ஒதுக்கிய, அவ்வகையைச் சேர்ந்த டாப்சோனை, அது விலை மலிந்ததென்பதையும் எண்ணி, அளவு குறைத்துக் கொடுத்துப் பார்த்தவர் திருமணியின் மருத்துவர் ராபர்ட் காக்ரேன்.

ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி மடங்கிய விரலை நிமிர்த்தாது. கொல்லிமலையில் 1914இல் பாதிரித் தம்பதியருக்குப் பிறந்து, மருத்துவம் படிக்குமுன் லண்டனில் தச்சும் கட்டட வேலையும் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை வைத்தியர் பால் பிராண்டைக் காக்ரேன் திருமணிக்கு அழைத்துச் சென்றார். விரல்கள் கொக்கிபோல் வளைந்த ஓர் இளைஞனிடம் பிராண்ட் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். அவன் பற்றினான், போதும், விடு என்று கேட்கும்படி அவருக்கு வலித்தது. செத்த கையென்று உலகம் கைவிட்ட கையில் இத்தனை வலிவா? நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்தனவேயன்றி முன்கைத் தசைகள் உயிரோடிருந்தன. அவற்றின் நாணொன்றை இடம்மாற்றித் தைத்தால் விரல் நிமிருமென்று அந்தத் தச்சர் மனம் கணக்குப் போட்டது.

கணக்குச் சரியா என்று பார்க்க, கட்டிலும் அறுவைக்கூடமும் அல்லவா வேண்டும்? பெருவியாதிக்காரரைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவர் என்ற அச்சம் அக்காலத்து ஆஸ்பத்திரிகளில் பொதுவாயிருந்தது. அவ்வச்சத்தைத் தாண்டி வேலூர் இடங்கொடுத்ததனால், 1948 முதல் கைகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. 1955இல் வேலூருக்கருகே கரிகிரியில் ஷீஃபலின் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் திருமணி சனாடோரியத்தை இந்திய சர்க்கார் ஏற்று, மத்திய குஷ்டரோகப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கிற்று.

நிமிர்ந்த விரல்களிலும் புண்கள் தோன்றின. நோயே சதையை அழுகச்செய்கிறதென்பது நெடுநாளைய நம்பிக்கை. நோயாளிகள் வேலூர் வளாகத்திலேயே வாழ்ந்தமையால் ஒவ்வொரு புண்ணின் வரலாற்றையும் அன்றன்றே விசாரிக்க முடிந்தது. சுடுபாத்திரம், பூட்டில் திருகிய சாவி, காலை உறுத்திய செருப்பு என்று உணர்ச்சியற்ற தோலுக்கு நேர்ந்த சாதாரணக் காயங்களே அவையென்று துலங்கின. மிருதுவான ரப்பர் அடிவைத்த செருப்புகள் பிறந்தது இவ்விசாரணையினால்தான். இரவில் விரல் நுனி காணாமற்போன புதிருக்கும், விழித்துக் காவலிருந்தபின் விடை கிடைத்ததாகப் பிராண்ட் சொல்லியிருக்கிறார்: எலிகள். கடித்தது தெரியாமல் மனிதன் தூங்கியிருக்கிறான். அதன்பின் அங்கிருந்து வீடு திரும்பிய நோயாளிகள் தங்களோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள்.