பழைய மதுவமும் தூய மதுவமும்

உயிரற்ற பொருளைப் பேணுதலினும் உயிருள்ள பொருளைப் பேணுதல் அரிது. ஏட்டுச்சுவடியைச் செல்லரியாது காத்தால் நூறாண்டு கழிந்தும் அதன் எழுத்து மாறாது. மதுவமோ அத்தகையதன்று. உணவு கிடைப்பின் அது பெருகும். பெருகுங்கால் பிற உயிர்களும் அதனோடு கலந்து பெருகும். உணவு கிடையாவிடின் பசித்து மடியும். ஆதலின் பழைய மதுவத்தை மீண்டும் பயன்படுத்துவது எவ்வாறு என்னும் வினா, பியர் ஆக்குவோரின் தொழில் நுட்பமாக மட்டும் தோன்றினும், நுண்ணுயிர் விஞ்ஞானத்தின் வரலாற்றிலே பெரியதொரு திருப்பத்துக்குக் காரணமாயிற்று. அத்திருப்பம் 1883ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் நிகழ்ந்தது.

முளைவித்த வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்துப் பெற்ற இனிப்புச் சாற்றை ஹொப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் இடுவர். மதுவம் சாற்றிலுள்ள வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். நொதித்தல் முடிந்ததும், இட்ட அளவிலும் பன்மடங்கு மதுவம் எஞ்சி நிற்கும். அதில் ஒரு பகுதியை அடுத்த கொப்பரையில் இடுதல் தொன்றுதொட்ட வழக்கம். கள்ளு விட்டு அப்பமாவைப் புளிக்கவைப்போர் பயன்கொள்வதும் இவ்வுயிரின் தொழிலையே.

ஆயினும், தாம் இடுவது ஓர் உயிர் என்பதை முன்னையோர் அறிந்திலர். பவேரியாவில் 1516ஆம் ஆண்டு பிறந்த சட்டம் வாற்கோதுமை, ஹொப்பு, நீர் என்னும் மூன்றையே பியருக்கு விதித்தது. மதுவத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. 1680இல் ஒல்லாந்தரான லீயுவன்ஹுக் நுணுக்குக்காட்டியிலே மதுவத்தின் சிறு உருண்டைகளைக் கண்டார். எனினும் அவை உயிருள்ளவை என அவர் உணரவில்லை. 1830களின் இறுதியில் ஷ்வான், கானியார் லத்தூர் முதலியோர் மதுவம் உயிரே என்றனர். இரசாயன அறிஞரான லீபிக் அக்கொள்கையை வன்மையாக எதிர்த்தார். பின்னர் லூயி பாஸ்ரரின் ஆராய்ச்சிகள் உயிர்க்கொள்கையை நிலைநாட்டின. பியர் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது.

பவேரியாவில் வழங்கிய மதுவம் குளிரிலே மெல்லத் தொழிற்பட்டுக் கொப்பரையின் அடியில் படியும் வகையாகும். அந்நாட்டில் 1553ஆம் ஆண்டின் ஆணை கோடைகாலத்தில் பியர் ஆக்குதலைத் தடைசெய்தது. குளிர்காலத்து வேலையும் குளிர்ந்த நிலவறைகளும் அம்மதுவத்துக்கு ஏற்றனவாயின. அதனால் ஆக்கப்பட்ட பியர் தெளிவுடையதாகவும் நெடுநாள் கெடாததாகவும் இருந்தது.

அதன் சிறப்பைக் கேள்வியுற்ற டென்மார்க்கு நாட்டு யாக்கொப்சன் என்பார் 1845இல் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே ஸ்பாட்டன் என்னும் ஆலையை நடாத்திய கபிரியேல் செடல்மயர் அவருக்குச் சிறிதளவு மதுவத்தை வழங்கினார். குதிரைவண்டி தங்கிய இடந்தோறும் மதுவப் பாத்திரத்தின்மீது குளிர்ந்த நீரை ஊற்றி, அதனை உயிரோடு கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. வெப்பமிகின் மதுவம் விரைந்து மடியும் என்பதைத் தொழிலறிவால் அவர் உணர்ந்திருந்தார். 1847இல் நகர்ப்புறத்திலே புதிய ஆலையை நிறுவி, தம் மகன் கார்ளின் பெயரால் அதற்குக் கார்ள்ஸ்பேர்க் எனப் பெயரிட்டார். மியூனிக்கிலிருந்து வந்த மதுவத்தின் வழித்தோன்றலே ஆண்டுக்கணக்காக அவ்வாலையில் பயன்பட்டது. 1875இல் ஆலைக்கென ஓர் ஆய்வுகூடத்தையும் யாக்கொப்சன் தோற்றுவித்தார்.

அவ்வாய்வுகூடத்தில் உடற்றொழிலியற் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் எமில் கிறிஸ்தியான் ஹான்சன். அவர் 1842இல் ரீபே நகரில் எளிய குடியிற் பிறந்தவர். இளமையில் வீடுகளுக்கு நிறந்தீட்டும் தொழில் செய்து, பின் தம் முயற்சியாற் கல்வியில் உயர்ந்தவர். 1883இல் கார்ள்ஸ்பேர்க்கின் பியர் கசப்பும் தீநாற்றமும் கொண்டு கெடலாயிற்று. பியரின் நோய்களுக்குப் பற்றீரியாக்களே காரணம் எனப் பாஸ்ரர் கூறியிருந்தார். ஹான்சனோ, மதுவத்துள்ளேயே பகையுண்டு எனக் கண்டார். நல்ல மதுவத்தோடு காட்டு மதுவங்களும் கலந்திருந்தன. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும், செயலிலோ வேறுபடும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய மதுவத்தை எடுத்து இட்டபோது, அறியாமலே காட்டு மதுவத்துக்கும் உணவளிக்கப்பட்டது. நெடுங்காலம் காக்கப்பட்டது என்பதனாலேயே மதுவம் தூயதாகிவிடாது என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று.

இதற்கு ஹான்சன் கண்ட வழி எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. மதுவத்தை நீரிற் கரைத்து மேலும் மேலும் ஐதாக்கி, ஒரு துளியில் ஒரு கலத்துக்கு மேல் இருத்தல் அரிதாகும் நிலைக்குக் கொணர்ந்தார். அத்துளிகளைத் தனித்தனிக் குடுவைகளிலுள்ள சாற்றில் இட்டு அசையாது வைத்தார். எக்குடுவையில் ஒரேயொரு வெண்புள்ளி தோன்றிற்றோ, அதிலுள்ள மதுவம் முழுவதும் ஒரு தனிக்கலத்தின் வழித்தோன்றல் எனக் கொண்டார். இவ்வாறு பிரித்த வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து நல்லதைத் தெரிந்தெடுத்தார். அத்தூய மதுவம் 1883ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆலையிற் பயனுக்கு வந்தது. 1908இல் அதற்குச் சக்கரோமைசீஸ் கார்ள்ஸ்பேர்கென்சிஸ் என்னும் பெயரை ஹான்சன் சூட்டினார்.

இக்கண்டுபிடிப்பை மறைத்துவைத்திருப்பின் கார்ள்ஸ்பேர்க் பெரும்பொருள் ஈட்டியிருக்கும். யாக்கொப்சன் அவ்வாறு செய்தாரல்லர். ஆய்வுகூடத்தின் பயனுள்ள முடிபு எதனையும் மறைத்தலாகாது என்பது அவர் வகுத்த விதி. முறை வெளியிடப்பட்டது, மதுவமும் பிற ஆலைகளுக்கு வழங்கப்பட்டது. செடல்மயர் கொடுத்த கொடை இவ்வாறு உலகுக்குப் பெருகிச் சென்றது.

தூய மதுவத்தைப் பெற்றபின் அதனைக் காத்தல் அடுத்த வினாவாயிற்று. அடியிற் படிந்த மதுவத்தை நெடுநாள் வைத்திருப்பின், கலங்கள் தம்முள் சேமித்த கிளைக்கோசனைச் செலவிட்டு மெலியும்; பின் மடிந்து சிதையும். சிதைந்த கலங்களின் சத்து பற்றீரியாக்களுக்கு உணவாகும். பியரின் சுவையும் கெடும். ஹான்சன் 10 வீதச் சுக்குரோசுக் கரைசலில் மதுவத்தை இட்டுவைத்தார். பெருகுதற்கு வேண்டிய நைதரசன் முதலியன அதில் இல்லாமையால் மதுவம் பெருகாமலும் விரைந்து மடியாமலும் ஆண்டுகள் பல உயிர்வாழ்ந்தது.

இன்று வீட்டில் பியர் ஆக்குவோர் பழைய திரவ மதுவத்தை உயிர்ப்பிக்கக் கையாளும் முறையும் இவ்வறிவின் வழிவந்ததே. முதலில் ஐதான இனிப்புச் சாற்றிற் சிறிதளவில் மதுவத்தை வளர்த்து, எஞ்சிய உயிர்க்கலங்கள் பெருகியபின் பெரிய அளவுக்கு மாற்றுவர். மெதிலீன் நீலம் இட்டு நோக்கின் மடிந்த கலங்கள் நீலநிறம் பெறும். உயிருள்ளவை நிறமற்று நிற்கும். ஆனால் இம்முறைகள் எண்ணிக்கையைத் திருத்துமேயன்றித் தூய்மையைத் திருத்தா. கலப்புற்ற மதுவத்தை வளர்ப்பின் கலப்பும் உடன்வளரும். எனவே மணத்தாலும் சுவையாலும் ஐயம் எழுமாயின் அதனைக் கைவிடுதலே தக்கது.

அண்மைக்காலத்தில் இவ்வரலாறு புதியதொரு சான்றைப் பெற்றது. கார்ள்ஸ்பேர்க்கின் பழைய நிலவறையிற் கிடைத்த, 1883ஆம் ஆண்டை அடுத்த காலத்துப் போத்தலொன்றில் உயிருள்ள மதுவக் கலங்கள் இருப்பதை ஆய்வாளர் கண்டனர். அவற்றை வளர்த்து, அக்காலத்து முறைப்படி ஆக்கிய பியரை 2016இல் கொப்பன்ஹேகனில் வெளியிட்டனர். ஆயினும் அப்போத்தலின் மதுவத்தையும் அவர்கள் பழமை கருதி அவ்வாறே கொப்பரையில் இட்டாரல்லர். பிரித்தெடுத்து, அதன் மரபுக்கூறுகளை ஆராய்ந்து, இன்னது எனத் தெளிந்த பின்னரே பயன்படுத்தினர்.

தூய்மை என்னுஞ் சொல்லின் பொருளும் இங்கு நோக்கற்பாலது. ஹான்சனின் மதுவம் இரு வேறு இனங்களின் கலப்பாற் பிறந்தது என்பதும், அவற்றுள் ஓரினம் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் வாழ்கின்றது என்பதும் 2011இல் வெளியாயின. ஆகவே தூய்மையென்பது கலப்பில்லாப் பிறப்பன்று. இன்னதென அறிந்து, தெரிந்தெடுத்து, பிறிது புகாமற் காக்கும் நிலையே தூய்மை. முன்னோரிடமிருந்து பெற்றதைப் போற்றுதல் யாக்கொப்சனின் பணி. பெற்றதை ஆராய்ந்து தெளிதல் ஹான்சனின் பணி. பின்னதின்றி முன்னது நிலைபெறாது என்பதே 1883ஆம் ஆண்டின் படிப்பினையாகும்.