டைனமோவும் சிவப்பு விளக்கும்

1948 சூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் மூவர் சுடப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனில் அறிமுகமாயிற்று மோரிஸ் மைனர். ஜெலாப்பாங், செம்மோர் வட்டாரத்து இரப்பர்த் தோட்ட இருட்டில் காரின் விளக்கு மங்குவது சிறிய செய்தியன்று.

மின்கலம் படுத்தால் புதியது வாங்குவதே பலர் வழக்கம். வீண் செலவு! மூலக் குறை நீங்காதவரை புதியதும் படுத்துவிடும்.

அக்காலக் காருக்கு மின்னூட்டியது டைனமோ. இயந்திரம் மெல்ல ஓடுகையில் சிவப்பு விளக்கு மினுங்குவது அதன் இயல்பு. வேகம் கூடியும் அணையாவிடில்தான் குறை. முதலில் காற்றாடிப் பட்டையின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பின், டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அம்முனைகள் இரண்டையும் இணைத்து, அவற்றுக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்மானியைப் பொருத்தி, இயந்திரத்தை மெல்ல முடுக்க வேண்டும். முள் சீராக ஏறினால் டைனமோ நலமே. ஐயத்திற்குரியவை மின்னழுத்தச் சீராக்கியும் இடைக்கம்பிகளும். முள் அசையாவிடில் டைனமோவைப் பிரிக்கலாம். பெரும்பாலும் அங்கே அகப்படும் குற்றவாளி, தேய்ந்துபோன கரித்துண்டு.