செங்கீரையும் ஊசலும்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பருவப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நகர்வது நம் வழக்கம். அவற்றுள் சில உடலசைவின் பெயர்கள் என்பதை நாம் நின்று நோக்குவதில்லை.

ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது செங்கீரை. கையோடு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தால் என்பது நா. நாவசைத்துத் தாய் பாடுவது தாலாட்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசலும் ஒரு பருவம். இவை எதையும் ஈட்டித் தராத, மீண்டும் மீண்டும் நிகழ்கிற அசைவுகள். ஆயினும் 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பாடியது தொட்டு, தமிழ் அவற்றுக்கு இலக்கியத்தில் இடமளித்தது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையே செங்கீரை ஆடவும் ஊசலாடவும் அழைத்தார். அவர் ஐந்து வயதுவரை பேசாதிருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அதற்கு மருத்துவப் பெயர் சூட்ட நாம் துணியோம்.

ஊஞ்சல் ஏட்டோடு நிற்கவில்லை. பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அம்மையும் சுந்தரேசரும் ஊஞ்சலில் எழுந்தருளுகின்றனர். நகருக்கு வெளியே வயலோர வேம்பில் தாயின் பழஞ்சேலை தூளியாகத் தொங்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, தாயின் வாசம், மங்கிய வெளிச்சம், ஒரே சீரான ஆட்டம்: அழும் பிள்ளைக்கு எது வேண்டுமென்று நம் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

குழந்தைக்கும் தெய்வத்துக்கும் உரிய இந்த உரிமை இடைப்பட்டவர்க்கு இல்லை. வளர்ந்தவன் காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் பாடம் கேட்கையில் முன்னும் பின்னும் மெல்ல அசைந்துகொண்டிருப்பார். ‘ஒழுங்காக உட்காரும்’ என்று ஒருநாள் அதட்டினோம். அவர் அசைவதை நிறுத்தினார். கேள்விகளுக்கு விடை சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். அசையாதிருப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது என்பது அன்று நமக்கு விளங்கவில்லை.

1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும், பேரொலிக்கு அஞ்சுவதையும் குறித்தார். பின்னர் அது ஆட்டிசம் எனப்பட்டது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் அதன் கூறுகளுள் சேர்த்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பட்டியலிட்டது. சித்திரைத் திருவிழா நெரிசலில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை அடம்பிடிப்பதாகவே பலர் இன்றும் எண்ணுகின்றனர். இவ்வசைவுகள் இரைச்சலையும் அச்சத்தையும் தாங்க உதவுகின்றன என்று ஆட்டிசம் உடைய பலர் தாமே எழுதியுள்ளனர்.

அசைபவர் எல்லாரும் ஆட்டிசம் உடையவர் அல்லர். முந்தானை நுனியை முறுக்குபவரும், விரலால் மேசையில் தாளமிடுபவரும் நம்முள் உண்டு. அந்த மாணவருக்கு எப்பெயர் பொருந்தும் என்பதை நாம் அறியோம். அறியவேண்டிய தேவையும் இல்லை. செங்கீரையைப் பத்து மதிப்பெண்ணுக்கு விளக்கத் தெரிந்த நமக்கு, அது கண்முன் நிகழ்ந்தபோது அடையாளம் தெரியவில்லை என்பதே குறை.