கருவின் எல்லையும் சட்டத்தின் எல்லையும்

பழைய இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றால், நீதிமன்றம் அவளிடம் இறுதியாக ஒரு வினாவை எழுப்பும். தண்டனையை நிறுத்திவைக்க ஏதேனும் காரணம் உண்டா என்பதே அவ்வினா. தான் சூலுற்றிருப்பதாக அவள் கூறுவாளாயின், பன்னிரண்டு பெண்கள் அழைக்கப்பெறுவர். அவர்கள் அவளைத் தனியறைக்குக் கொண்டு சென்று ஆராய்ந்து திரும்புவர். அவள் கருவுற்றிருக்கிறாளா என்பது மட்டும் அவர்கள் விடையளிக்க வேண்டிய கேள்வியன்று. வயிற்றிலுள்ள பிள்ளை அசைந்துவிட்டதா என்பதே கேள்வி. அசைந்தது என்றால் பிள்ளை பிறக்கும்வரை தண்டனை தள்ளிவைக்கப்படும். அசையவில்லை என்றால் கயிறுதான். ஆடவரே நீதிபதிகளாகவும் சான்றாயர்களாகவும் அமர்ந்திருந்த அம்மன்றங்களில், பெண்கள் தீர்ப்புரைத்த இடம் இது ஒன்றே எனலாம். சூலுற்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதிப்பதையே நீக்கிய 1931ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இவ்வழக்கம் ஏட்டில் இருந்தது.

அசைவுக்கு இத்துணை மதிப்பு ஏன் வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்டு கோக்கும், பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் பிளாக்ஸ்டனும் எழுதிய சட்ட நூல்கள், பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கும் காலத்தையே உயிரின் தொடக்கமாகக் கொண்டன. அந்நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘குவிக்’ என்பது. இன்று மாணவர்கள் அச்சொல்லுக்கு ‘விரைவு’ என்று மட்டுமே பொருள் அறிவர். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உயிருள்ள’ என்பது பொருள். ‘பிள்ளை புரளுகிறது’ என்று நம் தாய்மார் கூறுவதும் இதையே. பெரும்பாலும் பதினாறு முதல் இருபது வாரங்களுக்குள் தாய் இதனை உணர்கிறாள். தலைச்சன் பிள்ளையாயின் சற்றுத் தாமதமாகும்.

ஒன்றை ஈண்டு மறத்தலாகாது. கருவுற்றதை உறுதி செய்யும் சோதனை எதுவும் அந்நாளில் இல்லை. மாதவிலக்கு நிற்பது நோயாலும் நேரலாம். வயிறு பருப்பதும் அவ்வாறே. ஆதலின், பிள்ளை அசைந்தது என்று தாய் உரைப்பதே நம்பத்தகுந்த முதற்சான்றாக இருந்தது. சட்டம் வகுத்த எல்லை அவளுடைய அறிவிலே நின்றது.

1803ஆம் ஆண்டில் எல்லன்பரோ பிரபுவின் சட்டம் இவ்வெல்லையை முதன்முறையாக எழுத்தில் வடித்தது. அசைவுக்குப் பின் கருவைச் சிதைத்தால் மரண தண்டனை. அசைவுக்கு முன் என்றால் நாடு கடத்தல் போன்ற குறைந்த தண்டனைகள். ஆனால் மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. கரு தொடக்கமுதலே வளர்ந்து வருவது. தாய் உணரும் நாளில் மட்டும் அதற்குள் புதிதாக எதுவும் புகுந்துவிடுவதில்லை என்று அவர்கள் வாதிட்டனர். 1821ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் கெர்கரதெக், ஸ்டெத்தாஸ்கோப்பைத் தாயின் வயிற்றில் வைத்துக் கருவின் இதய ஒலியைக் கேட்டறிந்தார். 1837ஆம் ஆண்டுச் சட்டம் அசைவு பற்றிய வேறுபாட்டையும் மரண தண்டனையையும் ஒருங்கே நீக்கியது. 1861ஆம் ஆண்டுச் சட்டமோ ஆயுள் தண்டனை வரை விதித்தது. அறிவியல் முறையில் மருத்துவர்களின் வாதம் சரியானதே. எனினும் அவ்வாதம் வென்றபோது, தாயின் சொல்லுக்குச் சட்டத்தில் இருந்த இடமும் உடன்போயிற்று. அது குறித்து அன்று எவரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

விந்தை என்னவெனில், இங்கிலாந்து கைவிட்ட அந்த எல்லை கீழ்த்திசையில் உயிர்பெற்றது. 1860ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருச்சிதைவு செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும், பிள்ளை அசைந்த நிலையாயின் ஏழாண்டு வரை என்றும் விதித்தது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்வது மட்டும் குற்றமாகாது. 1867 வரை இந்திய ஆட்சியின் கீழிருந்த பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள், இச்சட்டத்தைத் தழுவித் தமக்கென ஒரு தண்டனைச் சட்டத்தை 1871இல் இயற்றி, 1872இல் நடைமுறைப்படுத்தின. சொல்லும் எண்ணும் மாறாமல் அப்பிரிவு கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. பிறந்துகொண்டிருக்கும் குழந்தையைக் கொல்வது கருச்சிதைவும் ஆகாது, முழுமையாகப் பிறக்காமையால் கொலையும் ஆகாது என்னும் இடைவெளி சட்டத்தில் இருந்தது. அதனை அடைக்கவே 1929ஆம் ஆண்டுச் சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயிரோடு பிறக்க வல்ல பிள்ளையை அழிப்பது குற்றம் என்றது அச்சட்டம். இருபத்தெட்டு வாரம் நிறைந்த கரு அவ்வாறு வல்லது என்று முதற்கண் கொள்ளப்படும் என்றும் கூறியது. இருபத்தெட்டு வாரம் என்பது நான்கு வாரத் திங்கள் ஏழு. ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் பாட்டிமார் கூறுவதுண்டு. கிரேக்க மருத்துவர் இப்போக்கிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களிலும் இந்நம்பிக்கை இடம்பெற்றுள்ளது. எட்டைப் பற்றிய கூற்று பிழை. ஏழைப் பற்றியதோ அன்றைய மருத்துவத்திற்குப் பெரிதும் பொருந்தியது.

இவ்வாறு, ‘அசைந்ததா?’ என்ற வினா போய், ‘வெளியே வந்தால் வாழுமா?’ என்ற வினா வந்தது. முன்னதற்கு விடை கூறியவள் தாய். பின்னதற்கு விடை கூறுபவர் மருத்துவர்.

1938ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் அலெக் போர்ன், படைவீரர்களால் வன்கொடுமைக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமியின் கருவை அகற்றிவிட்டு, அதனைத் தாமே அதிகாரிகளுக்கு அறிவித்தார். தாயின் உயிரைக் காப்பது என்பது அவளை உடலும் உள்ளமும் சிதைந்துபோகாமல் காப்பதையும் உள்ளடக்கும் என்று நீதிபதி மக்நாட்டன் சான்றாயருக்கு விளக்கினார், போர்ன் விடுதலையானார். அத்தீர்ப்பு திறந்த வழியே, டேவிட் ஸ்டீல் கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்திற்கு இட்டுச்சென்றது. அச்சட்டமும் 1929இன் இருபத்தெட்டு வாரத்தையே தன் எல்லையாகக் கொண்டது.

ஆனால் அவ்வெல்லை அசையாமல் நிற்கவில்லை. அதனை அசைத்தவர் வழக்கறிஞர் அல்லர், நுரையீரலை ஆராய்ந்தவரே. குறைமாதப் பிள்ளை இறப்பது பெரும்பாலும் மூச்சுத் திணறலால். அதன் காரணத்தை 1959ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி கண்டறிந்தார். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுப்புப் படலம் அப்பிள்ளைகளிடம் போதுமான அளவு இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் அறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. காரணம் தெரிந்தும் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் இந்நோயால் இறந்தான். உலகின் செல்வாக்கு மிக்க தந்தையாலும் அப்பிள்ளைக்கு மூச்சை வாங்கித்தர இயலவில்லை. 1972ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும், குறைமாதப் பேறு நேரவிருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது எனக் காட்டினர். உரிய காலத்திற்கு முன் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று எதிர்பாராத வகையில் மூச்சுவிட்டதைக் கண்டதே அவ்வாய்வின் தொடக்கம். 1980இல் சப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு அப்படலத்தைப் பிள்ளைகளுக்கு நேரே ஊட்டி வெற்றி கண்டார்.

இவற்றின் விளைவு நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் எட்டியது. 1987ஆம் ஆண்டில் மாணவர் ஒருவர், தம் காதலி கருவைக் கலைப்பதைத் தடுக்குமாறு இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடினார். பதினெட்டு முதல் இருபத்தொரு வாரக் கரு மூச்சுவிட வல்லதன்று. எனவே உயிரோடு பிறக்க வல்லது எனக் கொள்ளவியலாது என்று கூறி மன்றம் மறுத்தது. அசைவின் இடத்தில் மூச்சு அமர்ந்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எல்லையை இருபத்துநான்கு வாரமாகக் குறைத்தது. தாயின் உயிருக்குக் கேடு, கடுமையான நிலைத்த தீங்கு, பிள்ளைக்குப் பெருங்குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும் எல்லை வைக்கவில்லை.

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேடு தீர்ப்பு, வெளியே வாழ வல்ல நிலையையே அரசு தடைவிதிக்கும் எல்லையாக்கியது. மருத்துவம் முன்னேற முன்னேற எல்லை பின்னோக்கி நகருமே என்று நீதிபதி சாண்டிரா டே ஓகானர் 1983இல் சுட்டிக்காட்டினார். 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் அவ்வெல்லையையே துடைத்தெறிந்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது.

ஓகானர் சுட்டிய குறை மெய்யானதே. வாழவல்ல நிலை என்று அளக்கப்படுவது பிள்ளையின் இயல்பு மட்டுமன்று. அருகிலுள்ள மருத்துவமனையின் இயல்புமாகும். பெருநகரில் வாழும் பிள்ளை, காட்டோரத் தோட்டத்தில் அதே வாரத்தில் பிறந்தால் வாழாது. எனினும் எல்லை முடிவின்றி நகர்வதும் இல்லை. ஏறத்தாழ இருபத்திரண்டு வாரத்திற்கு முன் காற்றும் குருதியும் ஒன்றையொன்று நெருங்கும் அமைப்பே நுரையீரலில் போதிய அளவு உருவாவதில்லை. இருபத்தொரு வாரத்தில் பிழைத்தவை மிக அரிய பிள்ளைகளே.

சிங்கப்பூர் 1969இல் தனிச்சட்டம் இயற்றியது. அங்கு இருபத்துநான்கு வாரமே பொது எல்லை. இந்தியா 1971இல் இருபது வாரம் என வகுத்து, 2021இல் சில பிரிவினருக்கு அதனை இருபத்துநான்காக உயர்த்தியது. மலேசியா 1989இல் 312ஆம் பிரிவைத் திருத்தி, தாயின் உயிருக்கோ உடல்நலம், மனநலத்திற்கோ கேடு மிகும் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் கருக்கலைப்புக் குற்றமாகாது என்றது. வாரக் கணக்கு எதுவும் அப்பிரிவில் இல்லை. மூன்றாண்டா, ஏழாண்டா என்று பிரித்தறிய வேண்டிய நீதிபதி, பிள்ளை அசைந்ததா என்றே இன்றும் கேட்க வேண்டும். 2024 ஜூலை முதல் நாள் இந்தியா பழைய தண்டனைச் சட்டத்தை முற்றாக நீக்கி, பாரதிய நியாய சன்ஹிதா எனும் புதியதொன்றை நடைமுறைப்படுத்தியது. அதன் 88ஆம் பிரிவின் ஆங்கில வாசகத்திலும் ‘குவிக்’ எனும் அதே சொல் நிற்கிறது, ஏழாண்டும் மாறவில்லை.