பொன்பரப்பி முதல் புகார்ப் பெட்டி வரை: இணையமும் சட்டமும்

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய வாட்ஸ்அப் ஆடியோ கலவரத்தில் முடிந்தது. சாட்சி சொன்னதும் வெறியைத் தூண்டியதும் ஒரே கருவிதான்.

அரியலூர், பெரம்பலூர் பகுதியில் களப்பணி செய்யும் எங்களிடம் இளைஞர்கள் கேட்பது இதைத்தான்: "சாதியைச் சொல்லித் திட்டி வீடியோ போடுறாங்க, யார்கிட்ட போறது?"

வரலாற்றைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டது. பிரிவு 66ஏ, 'புண்படுத்தும்' பதிவுக்கு 3 ஆண்டு வரை சிறை என்றது. பிரிவு 79, பயனர் பதிவுகளுக்கான பொறுப்பிலிருந்து நிறுவனங்களுக்கு நிபந்தனையோடு விலக்குத் தந்தது. எளிய மனிதருக்குச் சிறை, லாபம் பார்ப்பவருக்குக் கவசம்! 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-வை ரத்து செய்தது. கருத்துரிமைக்கு அது வெற்றி. ஆனால், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நிறுவனம் பதிவை நீக்கியாக வேண்டும் என்றும் அதே தீர்ப்பு விளக்கியது.

2021 விதிகள் குறைதீர் அலுவலரைக் கட்டாயமாக்கின. புகாரை 24 மணி நேரத்தில் பதிவு செய்து, 15 நாட்களில் தீர்க்க வேண்டும் என்று அவை அப்போது சொல்லின. 2023இல் மேல்முறையீட்டுக் குழுக்கள் வந்தன. அவற்றை அமைப்பது ஒன்றிய அரசு. அரசை விமர்சிக்கும் நமது பதிவு நீக்கப்பட்டால், அங்கே நியாயம் கிடைக்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டம், தங்கள் தளங்களால் சமூகத்துக்கு வரும் ஆபத்தை ஆண்டுதோறும் மதிப்பிடும்படி பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சாதி வெறுப்பு தங்கள் தளத்தில் எப்படிப் பரவுகிறது என்று இங்கேயும் அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டாமா?

அதுவரை நம் கையில் இருப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிரிவு 3(1)(ஆர்) பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் போடுவதும் பொதுப் பார்வைதான் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது.

ஆகவே தோழர்களே, கோபத்தில் பதில் பதிவு போடும் முன் இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்துக்கு மட்டுமின்றி, காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நம்மைப் பேசவிடாத சட்டம் வேண்டாம். நிறுவனங்களைப் பதில் சொல்ல வைக்கும் சட்டமே வேண்டும்.